முதுமையில் தளரும் குரலுக்கு மீளுருவாக்கச் சிகிச்சை: எப்போது, எந்த வரிசையில் நாடுவது

அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் குரல் மெலிந்து, காற்றுக் கலந்து, சாயங்காலம் ஆனதும் கம்மிப் போகும்போது, "வயசானால் அப்படித்தான்" என்று சொல்லி வீட்டார் அதைக் கடந்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், ரத்தத் தட்டணுக்களையோ ஸ்டெம் செல்களையோ ஓர் ஊசியில் ஏற்றி, குரலுக்கு இளமையைத் திருப்பித் தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. இரண்டையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. முதுமையால் தளரும் குரலுக்குச் சிகிச்சை உண்டு. அதில், பழுதான திசுவின் செல்களை மீண்டும் வேலை செய்யத் தூண்ட முயலும் மீளுருவாக்கச் சிகிச்சைக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் வரிசையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் நேரே அங்கே போகிறவருக்குப் பலன் கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் அது எதனால் கிடைத்தது என்று அவருக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. எந்தப் படியில் எதை அளப்பது, எதைக் கேட்பது, எப்போது அடுத்த படிக்குப் போவது என்பதையே இங்கே பார்க்கப் போகிறோம்.

குரல் நாணில் நடப்பது என்ன

குரல்வளைக்குள் எதிரெதிராக இரண்டு குரல் நாண்கள் உள்ளன. பேசும்போது அவை ஆண்களில் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்களில் 180 முதல் 220 முறையும் மூடித் திறக்கின்றன. இவ்வளவு வேகமாக அதிர முடிவதற்குக் காரணம் அவற்றின் அடுக்கு அமைப்பு. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1974இல் விளக்கியபடி, குரல் நாண் என்பது ஒரு தசை உடலும், அதன்மேல் தளர்வாகப் படர்ந்திருக்கும் ஒரு மென்மையான போர்வையும் சேர்ந்தது. போர்வையின் மேற்பரப்பில் மெல்லிய தோல்படலம் இருக்கிறது. அதற்கு அடியில் ஜெல்லி போன்ற மென்படலம் ஒன்று இருக்கிறது. அதற்கும் கீழே எலாஸ்டின், கொலாஜன் இழைகள் செறிந்த படலங்கள் இருக்கின்றன. ஒலியின் இனிமை பெரும்பாலும் அந்த ஜெல்லிப் படலம் அலையலையாக நகர்வதில் இருக்கிறது.

வயது ஏறும்போது இந்த அமைப்பில் ஒரே நேரத்தில் பல இடங்களில் தேய்மானம் நேர்கிறது. தசை மெலிகிறது. நீரைப் பிடித்து வைக்கும் ஹையலுரோனிக் அமிலம் போர்வையில் குறைகிறது, கொலாஜன் இழைகள் கூடி ஒழுங்கற்றுத் திரள்கின்றன, எலாஸ்டின் தன் நெகிழ்வை இழக்கிறது. நாண்களின் விளிம்பு நேராக இல்லாமல் வில் போல உள்வளைந்துவிடுவதால், மூடும் நேரத்தில் நடுவே கதிர் வடிவில் ஓர் இடைவெளி நிற்கிறது. அதன் வழியே காற்று கசிகிறது. சளிச் சுரப்பிகளின் ஈரமும் குறைகிறது. நுரையீரலின் உந்து விசையும் முன்போல் இருப்பதில்லை. ஆண்களின் குரல் சற்று மேலேறி மெலிவதும், மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் சற்றுத் தணிவதும் இந்த மாற்றங்களோடு சேர்ந்தே வருகின்றன.

இவ்வளவையும் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மீளுருவாக்கச் சிகிச்சை என்று இன்று பேசப்படுபவற்றில் பெரும்பாலானவை குறிவைப்பது அந்தப் போர்வையை. சிலவற்றில் ஓரளவுக்குத் தசையையும் சேர்த்து. நுரையீரலின் தளர்ச்சியையோ நரம்பின் கோளாற்றையோ அவை தொடுவதில்லை. ஆகவே ஒருவருடைய குரல் எந்த அடுக்கில் பழுதாகியிருக்கிறது என்று தெரியாமல் போடப்படும் ஊசி இருட்டில் எறியும் கல்லாகவே இருக்கும்.

முதலில் முதுமைதானா என்று உறுதி செய்தல்

குரல் கரகரப்போ பலவீனமோ நான்கு வாரங்களுக்குள் சரியாகவில்லை என்றால், குரல்வளையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல். புகைபிடிப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், இருமலில் ரத்தம் வருபவர், விழுங்கும்போது வலிப்பவர், மூச்சு விடும்போது ஓசை கேட்பவர் ஆகியோர் நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. குரல்வளைப் புற்றுநோய், குரல் நாண் செயலிழப்பு, நடுக்கவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய், குரல் நடுக்கம், தைராய்டுக் குறைபாடு, இரைப்பை அமிலம் எதுக்களிப்பது என எத்தனையோ காரணங்கள் முதுமைக் குரலைப் போலவே தோற்றம் காட்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து, ஒவ்வாமைக்கும் நீர் பிரியவும் எடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவையும் குரலைக் கெடுக்கலாம். எடுத்துக்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் எழுதி மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஒரு மருந்தை மாற்றியதாலேயே பாதிக் குரல் திரும்பியவர்கள் உண்டு.

குரல்வளையைப் பார்ப்பதிலும் வேறுபாடு இருக்கிறது. சாதாரண எண்டோஸ்கோப்பியில் குரல் நாணின் வடிவமும் அசைவும் தெரியும். போர்வையின் அலை தெரியாது. அதைப் பார்க்க ஸ்ட்ரோபோஸ்கோப்பி வேண்டும். இதில் அதிர்வு வேகத்துக்குச் சற்று விலகிய வேகத்தில் ஒளி விட்டுவிட்டு மின்னுவதால், கண்ணுக்கு எட்டாத அதிர்வு மெதுவாக நடப்பது போலத் தெரியும். மீளுருவாக்கச் சிகிச்சையை யோசிப்பவருக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம் தேவை. இடைவெளி மட்டும் இருந்து அலை நன்றாக இருக்கிறதா, அல்லது அலையே விறைத்துக் கிடக்கிறதா என்ற கேள்விக்கு விடை அதில்தான் கிடைக்கும். அந்தக் காணொளியின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே எடுத்து வைக்க வேண்டிய அளவுகள்

சிகிச்சை தொடங்கும் முன் உங்கள் குரலின் நிலை என்ன என்பதற்கு எழுத்திலும் ஒலியிலும் சான்று இருக்க வேண்டும். மனம் தேற்றத்தை எதிர்பார்க்கும்போது காதும் அதையே கேட்கும் என்பதால், நினைவை நம்பி "இப்போது பரவாயில்லை" என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

ஒலிப்பதிவை எப்போதும் ஒரே அறையில், ஒரே கைபேசியில், வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து எடுங்கள். ஒரு பத்தியை இயல்பான குரலில் வாசியுங்கள். அதே பத்தியையே ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டும். காலையில் ஒரு பதிவும் மாலையில் ஒரு பதிவும் இருந்தால் களைப்பின் அளவு தெரியும்.

அடுத்தது, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் குரல் நிற்கிறது என்ற அளவு. நிமிர்ந்து உட்கார்ந்து, ஆழமாக மூச்சிழுத்து, வழக்கமான சுருதியில் "ஆ" என்று நீட்டுங்கள். மூன்று முறை செய்து அதில் நீண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். நலமான பெரியவர்களுக்குப் பொதுவாக 15 நொடிகளுக்கு மேல் வரும். 10 நொடிக்குக் கீழே இறங்கினால் எங்கோ காற்று வீணாகிறது, அல்லது காற்றே போதவில்லை. இவ்விரண்டில் எது என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. முதலில் குரல் சேர்க்காமல் வெறும் "ஸ்ஸ்" என்று முடிந்தவரை நீட்டுங்கள். பிறகு நாக்கை அதே இடத்தில் வைத்து, குரலையும் சேர்த்து ரீங்கரிக்கும்படி நீட்டுங்கள். குரல் நாண் நன்றாக மூடினால் இரண்டு நேரமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். முதல் நேரத்தை இரண்டாவதால் வகுக்கும்போது 1.4க்கு மேல் வந்தால் கசிவு குரல் நாணில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டுமே குறைவாக இருந்தால் மூச்சின் பலத்தைக் கவனிக்க வேண்டும். நுரையீரல் நோய் உள்ளவருக்குக் குரல் நாணில் போடும் ஊசி எதையும் பெரிதாக மாற்றாது என்பதை இந்தச் சிறு கணக்கே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

மூன்றாவதாக, குரல் பாதிப்பால் அன்றாட வாழ்வில் ஏற்படும் இடைஞ்சலை மதிப்பிடப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. கூட்டுத்தொகை 11ஐத் தாண்டினால் பாதிப்பு உண்டு என்று கொள்வது வழக்கம். பேச்சு சிகிச்சையாளரிடம் கேட்டால் தருவார். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் அதே பட்டியலை நிரப்புங்கள்.

பயிற்சியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

குரல் நாணின் வேலை தசையையும் சார்ந்தது. தசை எந்த வயதிலும் பயிற்சிக்குப் பதில் சொல்லும். ஆகவே முதுமைக் குரலுக்கு முதல் சிகிச்சை பயிற்சிதான். அதைத் தேர்ந்த பேச்சு சிகிச்சையாளரின் மேற்பார்வையில் ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்யாதவரிடம் மீளுருவாக்க ஊசியைப் பற்றிப் பேசும் மருத்துவரை நான் நம்பமாட்டேன்.

ஜோசப் ஸ்டெம்பிள் வகுத்த குரல் செயல்பாட்டுப் பயிற்சியில் நான்கு படிகள் உள்ளன: ஒரே சுருதியில் "ஈ" என்று மெல்ல நீட்டுவது, கீழிருந்து மேலே வழுக்கிச் செல்வது, மேலிருந்து கீழே வழுக்கி இறங்குவது, ஐந்து சுரங்களில் ஒவ்வொன்றையும் முடிந்தவரை நீட்டி நிறுத்துவது. ஒவ்வொன்றும் இரண்டு முறை, நாளுக்கு இரண்டு வேளை. சத்தம் மென்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் காற்றுக் கலக்காமல் தெளிவாக இருக்க வேண்டும், அதில்தான் உழைப்பு இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, உரத்த, அதிகாரமான குரலில் நீட்டியும் வாக்கியங்களைச் சொல்லியும் தசைக்குச் சுமை ஏற்றும் பயிற்சி முறையும் உண்டு. முதுமைக் குரல் உள்ளவர்களிடம் இவ்விரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான முதற்கட்ட ஆய்வில், இரண்டு குழுவினரும் குரலால் வரும் வாழ்க்கைச் சிரமம் குறைந்ததாகத் தெரிவித்தனர்.

உறிஞ்சுகுழல் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் வைத்து, குழலின் நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் முக்கி, உதட்டை இறுக மூடி, குழலுக்குள் "ஊ" என்று முனகுங்கள். கன்னம் உப்பக் கூடாது. குமிழிகள் ஒரே சீராக வர வேண்டும். குமிழி வருகிறது, ஆனால் தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வு தெரியவில்லை என்றால், குரலின்றி வெறும் காற்றை ஊதுகிறீர்கள் என்று பொருள். சுருதியைச் சற்று ஏற்றியோ இறக்கியோ அதிர்வு திரும்பும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடருங்கள்.

எட்டு வாரம் கழிந்ததும் முன்பு எடுத்த அளவுகளை மீண்டும் எடுங்கள். குறிப்பிடத்தக்க எண்ணிக்கையினருக்கு இதுவே போதுமானதாக அமைந்துவிடும். போதாதவர்களுக்குத்தான் அடுத்த படி.

நிரப்பு ஊசி ஒரு சோதனையாகவும் பயன்படும்

மெலிந்த குரல் நாணுக்குள் ஒரு பொருளைச் செலுத்தி அதைப் பருக்கச் செய்து இடைவெளியை அடைக்கும் முறை நூறாண்டுக்கு மேல் பழையது. 1911இல் வில்ஹெல்ம் புரூனிங்ஸ் பாரஃபினைச் செலுத்தினார். அது நகர்ந்து தொல்லை கொடுத்தது. 1960களில் வந்த டெஃப்லான் சுற்றிலும் முடிச்சு போன்ற அழற்சித் திரள்களை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. குரல் நாணுக்குள் எதைச் செலுத்தினாலும் அதன் பின்விளைவு ஆண்டுகள் கழித்துத் தெரியலாம் என்பதற்கு அந்த வரலாறே சாட்சி. இன்று கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் கூழ், ஹையலுரோனிக் அமிலம், கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், நோயாளியின் சொந்தக் கொழுப்பு ஆகியவை பயன்படுகின்றன. முதலாவது இரண்டு மூன்று மாதங்களில் கரைந்துவிடும்; ஹையலுரோனிக் அமிலம் பல மாதங்கள் நிற்கும்; கால்சியப் பொருள் ஓராண்டுக்கு மேலும் நிற்கக்கூடும்; கொழுப்பில் ஒரு பகுதி உடலால் உறிஞ்சப்படும், எஞ்சியது நீடிக்கும்.

விரைவில் கரையும் கூழை முதலில் போட்டுப் பார்ப்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. இடைவெளி அடைபட்டதும் குரல் திரும்பினால், உங்கள் சிக்கல் பெரும்பாலும் பருமன் குறைந்ததுதான். நீடிக்கும் நிரப்பியோ, குரல்வளைக் குருத்தெலும்பு வழியாகத் தாங்குகட்டை வைக்கும் அறுவை சிகிச்சையோ போதும். பின்னதை 1970களில் நோபுஹிகோ இஷிகி முறைப்படுத்தினார். இடைவெளி அடைபட்ட பிறகும் குரல் கரகரப்பாகவும் விறைப்பாகவும் இருந்தால், பழுது போர்வையில் இருக்கிறது. அதை எந்த நிரப்பியும் சரிசெய்யாது. மீளுருவாக்கச் சிகிச்சை பொருத்தமானது இந்த இரண்டாவது வகையினருக்கே.

மீளுருவாக்க ஊசிகள்: எது எங்கே நிற்கிறது

நிரப்பிக்கும் மீளுருவாக்கத்துக்கும் அடிப்படை வேறுபாடு இதுதான்: நிரப்பி இடத்தை அடைக்கிறது, மீளுருவாக்கப் பொருள் அங்குள்ள செல்களை மீண்டும் வேலை செய்யத் தூண்ட முயல்கிறது. ஆகவே அதன் பலன் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலுமே தெரிய வேண்டும். ஊசி போட்ட மறுநாளே குரல் தெளிந்தால் அது உள்ளே சென்ற திரவத்தின் பருமனால் வந்த தெளிவு. சில நாட்களில் வடிந்துவிடும். அதைப் பார்த்து "வேலை செய்துவிட்டது" என்று மகிழ்வதும், வடிந்ததும் "பலனில்லை" என்று சோர்வதும் ஒன்றுபோலவே அவசரம்.

முதுமைக் குரலுக்கு மிக நீண்ட மனித அனுபவம் உள்ளது, செல்களைப் பெருகத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளில்தான். திசுவின் இழைகளை உருவாக்கும் நார்செல்களைத் தூண்டும் அடிப்படை வளர்ச்சிக் காரணியைச் செயற்கையாகத் தயாரித்த டிராஃபெர்மின் என்ற மருந்து, ஆறாத தோல் புண்களுக்கான தெளிப்பாக ஜப்பானில் 2001இல் அனுமதி பெற்றது. அதை வயதால் மெலிந்த குரல் நாணில் செலுத்திய முதல் மனித நோயாளியின் விவரத்தை கியோட்டோவைச் சேர்ந்த ஷிகேரு ஹிரானோவின் குழு 2008இல் வெளியிட்டது. அடுக்கு அமைப்பை விளக்கிய மினோரு ஹிரானோ வேறு, இவர் வேறு. விலங்கு ஆய்வுகளில் இந்தக் காரணி ஹையலுரோனிக் அமிலத்தின் உற்பத்தியைக் கூட்டியதும், திரண்ட கொலாஜனைக் குறைத்ததும் தெரிந்திருந்தன. முதுமையில் நேர்வதற்கு அது நேர் எதிரான திசை என்பதே நம்பிக்கைக்கு அடிப்படை. அதன் பிறகு ஜப்பானில் வெளியான சிறு தொடர்களில் குரல் நிற்கும் நேரமும் இடைவெளி மூடுவதும் மேம்பட்டதாகத் தெரிவித்திருக்கிறார்கள். ஆனால் அவற்றில் பல, ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. அந்தத் தெளிப்பு அனுமதி பெற்றது தோல் புண்ணுக்கே. குரல் நாணில் போடுவது அந்த அனுமதிக்கு வெளியே நடக்கும் பயன்பாடு. செல்களைப் பெருகத் தூண்டும் பொருள் என்பதால், புற்றுநோய் உள்ள இடத்தில் அம்மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி என்ற இன்னொன்றும் ஜப்பானில் பரிசோதிக்கப்பட்டது. அது முதுமை மெலிவைவிடக் குரல் நாண் தழும்புக்கும் பள்ளத்துக்கும் குறிவைக்கப்பட்டது.

இப்போது அதிகமாக விளம்பரத்தில் வருவது தட்டணு செறிந்த பிளாஸ்மா. நோயாளியின் சொந்த ரத்தத்தை எடுத்து மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, சிவப்பணுக்களை ஒதுக்கி, தட்டணுக்கள் செறிந்த திரவத்தை அன்றே குரல் நாணில் செலுத்துவது இதன் முறை. தட்டணுக்களிலிருந்து வெளிவரும் பல்வேறு வளர்ச்சிக் காரணிகள் திசுவைச் சீராக்கும் என்பது எதிர்பார்ப்பு. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை அபாயம் குறைவு. தழும்பும் மெலிவும் உள்ளவர்களிடம் நடந்த சிறு ஆய்வுகளில் பெரிய தீங்கு காணப்படவில்லை, குறுகிய காலத் தேற்றமும் பதிவாகியுள்ளது. ஆயினும் இரண்டு விஷயங்கள் என்னை நிதானிக்க வைக்கின்றன. ஒன்று, தட்டணுச் செறிவு இயந்திரத்துக்கு இயந்திரம், ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரு மருத்துவமனையின் பிளாஸ்மாவும் இன்னொன்றின் பிளாஸ்மாவும் ஒரே மருந்து அல்ல. மற்றொன்று, தட்டணுக்கள் வெளிவிடும் காரணிகளில் தழும்பு உண்டாவதைத் தூண்டக்கூடியதும் ஒன்று இருக்கிறது. "சொந்த ரத்தம்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்" என்ற பேச்சு அறிவியலாகாது.

நார்செல் சிகிச்சையில், தோலிலிருந்தோ வாயின் உட்புறத்திலிருந்தோ சிறு துண்டு எடுத்து, அதிலுள்ள நார்செல்களை ஆய்வகத்தில் வாரக்கணக்கில் பெருக்கி, குரல் நாணின் போர்வைக்குள் செலுத்துகிறார்கள். தழும்பும் முதுமை மெலிவும் உள்ளவர்களைச் சேர்த்து நடந்த சமவாய்ப்பு ஆய்வு (குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) ஒன்று 2020இல் வெளியானது; இந்தத் துறையில் அப்படிப்பட்ட ஆய்வு அரிது என்பதால் கவனத்துக்குரியது. செல்களை வளர்க்கும் தரமான ஆய்வகம் தேவைப்படுவதால் இது எளிதில் பரவக்கூடியதல்ல.

எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களையும் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த செல்களையும் குரல் நாணில் செலுத்திய மனித ஆய்வுகள் சுவீடனிலும் பிரான்சிலும் நடந்துள்ளன. அவை பெரும்பாலும் தழும்புக்கானவை. முதுமைக் குரலுக்கு அவற்றை அப்படியே பொருத்திப் பேசக் கூடாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு மனிதச் செல்களைக் கொண்டு குரல் நாணின் போர்வையையே ஆய்வகத்தில் வளர்த்து, அது அதிர்ந்து ஒலி எழுப்புவதை 2015இல் காட்டியது. அது இன்னும் நோயாளியைச் சென்றடையவில்லை. எக்ஸோசோம் (செல்கள் வெளிவிடும் நுண்பைகள்) என்ற பெயரில் விற்கப்படுபவற்றிலிருந்து விலகியே இருங்கள். அனுமதி பெற்ற எக்ஸோசோம் பொருள் எதுவும் தன் நாட்டில் இல்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் வெளிப்படையாக எச்சரித்தது.

ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, இது பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வா, அனுமதிக்கு வெளியே மருத்துவர் தம் பொறுப்பில் செய்யும் சிகிச்சையா என்பது. ஆய்வு என்றால் பதிவு எண் இருக்கும். அதை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பதிவுத் தளத்தில் தேடிப் பார்க்கலாம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருக்கும். சோதனைப் பொருளுக்கே பெருந்தொகை கேட்கும் "ஆய்வு" என்றால் எச்சரிக்கை தேவை. அடுத்து, குரல் நாணின் எந்த அடுக்கில் செலுத்தப் போகிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். போர்வையில் போட வேண்டியதும் தசையில் போட வேண்டியதும் வேறு வேறு. நீடிக்கும் நிரப்பியான கால்சியப் பொருள் தவறிப் போர்வைக்குள் போனால் குரல் விறைத்துவிடும், அதை எடுப்பதும் எளிதல்ல. இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தராதவர் அந்த ஊசியைப் போடத் தகுந்தவரா என்று யோசியுங்கள். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் அவர்களை மீண்டும் அளந்திருக்கிறாரா, எத்தனை பேருக்குப் பலனில்லை என்பதையும் கேளுங்கள். பலனில்லாதவரே இல்லை என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் இருந்தவர்கள், குரல் நாணில் வெண்படலம் உள்ளவர்கள், தட்டணு எண்ணிக்கை குறைந்தவர்கள், தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கு இவை பெரும்பாலும் ஏற்றவையல்ல. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது; அதைத் தந்த மருத்துவரையும் ஊசி போடுபவரையும் கலந்து பேச வைக்க வேண்டும். ஆஸ்பிரினும் சில வலி மாத்திரைகளும் தட்டணுக்களின் செயலைத் தடுப்பதால், பிளாஸ்மா ஊசிக்கு முன் அவற்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

ஊசி நாளும் அதன் பிறகும்

பல இடங்களில் இது மயக்க மருந்து இல்லாமல், நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே நடக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் மரத்துப்போகும் மருந்து தெளிக்கப்படும். அது கசப்பாக இருக்கும், விழுங்க முடியாதது போன்ற உணர்வு வரும், ஆனால் மூச்சு தடைபடாது. மூக்கின் வழியே மெல்லிய குழல்நோக்கியை இறக்கித் திரையில் குரல் நாணைக் காட்டிக்கொண்டே, கழுத்தின் முன்புறத் தோல் வழியாகவோ வாய் வழியாகவோ ஊசி செல்கிறது. மருத்துவர் "ஈ" என்று சொல்லச் சொல்லும்போது சொல்லி, நிறுத்தச் சொல்லும்போது விழுங்காமலும் இருமாமலும் மெல்ல மூச்சு விடுவதுதான் நோயாளியின் வேலை. அதை முந்தின நாளே வீட்டில் பழகி வைத்தால் உதவும். குமட்டல் உணர்வு மிகுந்தவர்களுக்கு முழு மயக்கத்தில் செய்வது நல்லது.

முடிந்ததும் தொண்டையின் மரப்பு போகும்வரை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, புரையேறும். குரலுக்கு எத்தனை நாள் ஓய்வு என்பது பொருளையும் மருத்துவரையும் பொறுத்து மாறும். ஓய்வு என்றால் கிசுகிசுப்பதும் கூடாது; செருமித் தொண்டையைச் சரி செய்வதும் கூடாது. மூச்சு விடும்போது ஓசை, கூடிக்கொண்டே போகும் வீக்கம், ரத்தம், காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஓய்வு முடிந்ததும் குரல் பயிற்சியைத் திரும்பத் தொடங்குங்கள். ஊசிக்குப் பிறகு புதிதாக ஒரு பயிற்சியைச் சேர்க்காமல், முன்பு செய்த அதே பயிற்சியை அதே அளவில் தொடர்வது நல்லது. இல்லையென்றால் தேற்றம் ஊசியால் வந்ததா பயிற்சியால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் முடியும்போது ஒலிப்பதிவு, நொடிக் கணக்கு, வினாப்பட்டியல் மூன்றையும் எடுங்கள். ஆறாம் மாதத்தில் ஸ்ட்ரோபோஸ்கோப்பியை மீண்டும் செய்து பழைய காணொளியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பதிவையும் புதிய பதிவையும், எது எப்போது எடுத்தது என்று சொல்லாமல், வீட்டில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னால் நேர்மையான தீர்ப்பு கிடைக்கும்.

இந்த அளவுகளில் எதுவும் அசையவில்லை என்றால், "இன்னும் ஒரு தவணை போட்டால் பிடிக்கும்" என்ற பேச்சுக்கு உடன்பட வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே இத்தனை தவணை என்று வகுத்த திட்டத்தை முடிப்பது வேறு, பலனில்லாததைத் தொடர்வது வேறு. அப்போதும் நீடிக்கும் நிரப்பியோ தாங்குகட்டை அறுவை சிகிச்சையோ கைவசம் இருக்கின்றன. அவற்றைச் செய்யப் போகும் மருத்துவருக்கு, எந்தப் பொருள், எவ்வளவு, எந்தப் பக்கம், எந்த அடுக்கில், எந்தத் தேதியில் செலுத்தப்பட்டது என்ற எழுத்துக் குறிப்பு தேவைப்படும். அந்தக் குறிப்பை வாங்கி மற்ற மருத்துவக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். கால்சியப் பொருள் போன்ற சில நிரப்பிகள், பின்னாளில் வேறு காரணத்துக்காக எடுக்கும் பெட் ஸ்கேனில் ஒளிர்ந்து புற்றுக்கட்டி என்ற ஐயத்தை எழுப்பியதுண்டு, அந்த நேரத்தில் அந்தக் காகிதம் தேவையற்ற திசுப் பரிசோதனையைத் தவிர்க்க உதவும்.